புதன்கிழமையின் பன்னிரண்டு நிமிடம்

கடைசி சீட்டு தூக்கிப் போடும் சார், தெரியும். முன்னால் இடம் இருந்தும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. போலீசுக்குப் பயந்து இல்லை. டிரைவர் கண்ணாடியில் என் முகம் தெரியக் கூடாது, அவ்வளவுதான். கொஞ்சம் இப்படி நகர்ந்து உட்காருங்கள், மறைக்க வசதியாக இருக்கும்.

நான் இந்தக் கம்பெனியின் டைம் கீப்பர். துறையூர் பஸ் ஸ்டாண்டில் இருபத்தாறு வருஷமாக. எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனைக்குப் போனது என்று எழுதுகிற ஆள். சிரிக்காதீர்கள், அது ஒரு வேலை. நான் பேனாவைத் திறந்தால் நாலு டிரைவர் வாட்சைத் தட்டிப் பார்ப்பான். ஒரு நிமிஷம் லேட் என்றால் ஒரு நிமிஷம் லேட். பொண்டாட்டிக்குப் பிரசவம் என்று ஒருத்தன் சொன்னான். பிரசவம் வண்டியிலா நடந்தது என்று கேட்டேன். எழுதிவிட்டேன்.

இந்த வண்டி திருச்சியில் மூன்று நாற்பதுக்கு எடுக்க வேண்டும். எடுத்தான், நீங்களே பார்த்தீர்கள். துறையூருக்கு ஐந்து ஐந்துக்கு வர வேண்டும். போன புதனும் அதற்கு முந்தின புதனும் ஐந்து பதினேழு. பன்னிரண்டு நிமிஷம். மற்ற நாளெல்லாம் சரியாக வருகிறான். டிரைவர் பெயர் அருளப்பன். என்னடா என்றேன். "ஆட்டு மந்தை குறுக்க வந்திருச்சுண்ணே" என்றான். சரி, ஆடு. அடுத்த புதன் கேட்டேன். "அதே ஆடுண்ணே" என்கிறான். அந்த ஆடுகளுக்கு புதன்கிழமை மட்டும்தான் ரோடு தெரியுமா? மூன்றாவது லேட்டும் விழுந்தால் ரூட்டை விட்டு எடுத்துவிடுவார்கள். அதற்குத்தான் வந்திருக்கிறேன். கையும் களவுமாக.

விஷயம் வேறே சார். மெதுவாகச் சொல்கிறேன். பொம்பளை விவகாரம். வழியில் புலிவலத்தில் இறங்குகிற ஒருத்தர் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரி கேட்டில் ஸ்டாப்பே கிடையாது, அங்கே வண்டியை நிறுத்துகிறானாம். கண்டக்டர் இறங்கி உள்ளே போய் ஒரு பொம்பளையைக் கைத்தாங்கலாகக் கூட்டி வருகிறானாம். கூட ஒரு வயசான பொம்பளை, பையோடு. மூன்று பேர் சீட்டைக் காலி பண்ணி அவளைப் படுக்கவைக்கிறார்களாம். யாரடா அது என்று வண்டியில் ஒருத்தனும் கேட்பதில்லையாம். எப்படிக் கேட்பான்? அருளப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயசு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். புதன்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் வைப்பு.

இதோ, மணிக்கட்டைப் பார்க்கிறீர்கள். காப்புக் கயிறுதான். எங்கள் ஊர் வெண்டாம்பட்டி. மாரியம்மன் திருவிழா. நான் கமிட்டிச் செயலாளர். காப்புக் கட்டிவிட்டால் அவிழ்க்கிற வரைக்கும் ஊர்க்காரர்கள் வெளியே தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். விளக்கு வைப்பதற்குள் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கிறவனும் வந்துவிடுகிறான். நானும் இந்த வண்டியில் ஐந்து ஐந்துக்குத் துறையூர், எழுத வேண்டியதை எழுதிவிட்டு ஆறு மணிக்கு ஊர். சாமி காரியத்தில் எனக்கு லேட் கிடையாது.

இந்தக் காப்பினால்தான் வீட்டில் சண்டை. சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

என் சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லை. ஊரில் குடல்புண் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் ஊர்க்காரர் இல்லை, உங்களிடம் சொல்லலாம். கேன்சர். எந்த இடத்தில் என்றால்... பொம்பளைகளுக்கு வருகிற இடத்தில். கர்ப்பப்பை வாய் என்று அந்த டாக்டர் பெண் பளிச்சென்று சொல்கிறது சார், பஸ் ஸ்டாண்டு வாய் என்பதைப் போல. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தை மாசம் ஒருநாள் சொன்னாள், தீட்டு நின்று நாலு வருஷம் ஆனவளுக்கு மறுபடியும் ரத்தம் படுகிறது என்று. வயசானால் அப்படித்தான் என்றேன். மாசியில் சொன்னாள். பங்குனியில் சொன்னாள். வைகாசியில் உடனே கூட்டிக்கொண்டு போய்விட்டேன். நான் எதையும் தள்ளிப்போடுகிற ஆள் இல்லை.

வெளியே இருந்து இருபத்தைந்து கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். எங்கள் பக்கம் கதிர் வைத்தியத்துக்குக் கரண்ட் என்றுதான் பெயர். வாரம் ஒரு ஊசி வேறே. தினமும் காலையில் நம்ம கம்பெனி வண்டியில் போவாள், இதே மூன்று நாற்பதில் வருவாள். தனியாகத்தான். எனக்கு டியூட்டி. நடுவில் தம்பி பேத்திக்குக் காதுகுத்து. நாலு நாள் நிறுத்தி வைத்தேன். அறுபது பேருக்குச் சமைக்க வேறு ஆள் யார் இருக்கிறார்கள்? கரண்ட் எங்கேயும் ஓடிப்போகாது, வரிசையில் நாலு பின்னால் சேர்த்துக்கொள்வார்கள். சேர்த்துக்கொண்டார்கள். என்ன குறைந்துபோயிற்று?

இருபத்தைந்தும் முடிகிற அன்றைக்கு நானும் போனேன். ரத்தம் நின்று மூன்று வாரம் ஆகியிருந்தது. லட்டு வாங்கிக்கொண்டு போனேன் சார். அந்த டாக்டர் பெண் லட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொல்கிறது:

"ஐயா, இது பாதி வேலைதான். வெளியே இருந்து கொடுத்ததுல கட்டி சுருங்கியிருக்கு. வேர் இன்னும் இருக்கு. அதுக்கு வேண்டிய அளவை வெளியே இருந்து கொடுத்தா மூத்திரப்பையும் குடலும் தாங்காது. அதனால உள்ளேயே குழாய் வெச்சு, கட்டிக்குப் பக்கத்துலயே கொடுக்கணும். வாரம் ஒண்ணு, மூணு தடவை. இதை விட்டுட்டா திரும்ப வர்றதுக்கு நிறைய வாய்ப்பு இருக்கு."

பாதி வேலையாம். நாற்பத்தோரு நாளாகப் பஸ்ஸில் போய்வந்தது பாதி வேலை. ரத்தம் நின்ற பிறகு என்னம்மா வைத்தியம் என்றேன். உள்ளே கதிரை வைத்தால் அது உடம்பிலேயே தங்கிவிடாதா, இவள் பொங்கல் பானையைத் தொடலாமா, பேத்தியைத் தூக்கலாமா என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே? மெஷின்காரரைக் கூப்பிட்டு விளக்கச் சொன்னது. அவருக்கு நான் பஸ் கம்பெனி என்று தெரிந்துவிட்டது. உடனே எனக்குப் பஸ் பாடம் நடத்துகிறார்:

"மெஷினுக்குள்ள அரிசி மணி அளவுல ஒரு கதிர் இருக்குங்க. அதுதான் வண்டி. மெஷின் ஷெட்டு. குழாய் ரோடு. ஷெட்டை விட்டுக் கிளம்பி உள்ள போகும். சில மில்லிமீட்டருக்கு ஒரு ஸ்டாப். எந்த ஸ்டாப்புல எத்தனை செகண்ட் நிக்கணும்னு முன்னாடியே கணக்குப் போட்டுருவோம். நின்னுட்டு, திரும்ப ஷெட்டுக்கே வந்துரும். குழாயையும் எடுத்துருவோம். உடம்புல ஒண்ணும் தங்காது. பேத்தியைத் தாராளமாத் தூக்கலாம்."

லேட் ஆகாதா என்று கேட்டேன்.

"ஒரு செகண்டு கூட ஆகாதுங்க" என்றார்.

டிரைவர் இல்லை, கண்டக்டர் இல்லை, ஆட்டு மந்தை இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்காக? மறுநாளே முதல் தடவை வர வேண்டும் என்கிறார்கள். அன்றைக்குச் சாயங்காலம் ஊரில் காப்பு. முதுகில் ஊசி போடுவார்களாம், இடுப்புக்குக் கீழே மரத்துப்போகுமாம், சில மணி நேரம் படுத்திருக்க வேண்டுமாம். கால் மரத்துப்போன பொம்பளை விளக்கு வைப்பதற்குள் எப்படி வந்து சேருவாள்? செயலாளர் வீட்டுப் பொம்பளையே எல்லைக்கு வெளியே தங்கிவிட்டாள் என்று நாளைக்கு ஒருத்தன் மைக்கில் பேசுவான். காப்பு அவிழ்த்த பிறகு பார்க்கலாம் என்றேன். டாக்டர் பெண் எட்டு வாரம், அது, இது என்று என்னவோ சொன்னது. நான் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

என் சம்சாரம் பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தனக்கொடி என்று பெயர். வீட்டுக்கு வந்துதான் வாயைத் திறந்தாள். "ஆத்தா எனக்கு மட்டும் எல்லை போட்டிருக்கா?" என்றாள். பதினெட்டு நாள் பொறுக்க முடியாதா என்றேன். அப்புறம் அந்தப் பேச்சே இல்லை. நல்ல மாதிரி சொன்னால் கேட்டுக்கொள்கிறவள்தான்.

அதுமட்டுமா, அம்மன் மகிமையைக் கேளுங்கள். என் அக்கா வெள்ளையம்மாளும் இவளும் பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு வடைச்சட்டி விவகாரம். காப்புக் கட்டின அன்றிலிருந்தே சேர்ந்துவிட்டார்கள்! புதன்கிழமை தோறும் அக்கா வீட்டில் மாவிளக்குக்கு மாவு இடிக்கிறார்களாம், விடிகாலையில் போனால் சாயங்காலம்தான். என்ன இடியோ. வந்தால் தயிர்ச்சோறு ரெண்டு வாய், ஒருக்களித்துப் படுத்துக்கொள்கிறாள். உட்காரக்கூட முடியவில்லை. மாவு இடித்து இந்தக் களைப்பா என்றேன். "ரொம்ப மாவுங்க" என்றாள். என் அக்காவோ அன்றைக்கு இவளுக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறது. என் கண்ணே பட்டுவிடும்.

இன்றைக்கு மாவிளக்கு. காலையில் ஐந்து மணிக்கே மைக்கில் சொல்லிவிட்டேன். வரிசைக்குத் தலைமை வெள்ளையம்மாள், பகல் முழுக்கக் கோயிலை விட்டு நகரக் கூடாது என்று. அக்காவுக்கு முகமே செத்துவிட்டது. பெருமை தாங்கவில்லை போலிருக்கிறது. "இன்னைக்கு வேணாம்டா தம்பி, வேற யாரையாச்சும் போடு" என்று கையைப் பிடித்துக்கொண்டது. தன்னடக்கம். நான் விடவில்லை. தனக்கொடி அதற்கு முன்னாலேயே மாவு இடிக்கக் கிளம்பிப் போயிருந்தாள்.

இருங்கள், இருங்கள். வேகம் குறைகிறது. ஆஸ்பத்திரி கேட்டு. நிறுத்திவிட்டான் பார்த்தீர்களா! மூன்று ஐம்பது. கண்டக்டர் மதியழகன் இறங்குகிறான். தலை நரைத்த மனுஷன், தரகு வேலை பார்க்கிறான். உங்கள் வாட்சிலும் மூன்று ஐம்பதுதானே? சாட்சிக்கு வேண்டும்.

முன்னால் அந்தப் பச்சைச் சேலைக்காரம்மா கேட்கிறது, கேளுங்கள்.

"ஏம்ப்பா, எவ்வளவு நேரம் நிப்பாட்டுவ? புள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்திருக்கும்."

சரியான கேள்வி. நாலு பயணிகள் இப்படிக் கேட்டால் நாடு உருப்படும். அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பூக்காரி பதில் சொல்கிறாள், டிரைவரை முந்திக்கொண்டு.

"செத்த இரும்மா. கரண்டு வெச்ச அக்கா வரணும். இன்னையோட முடிஞ்சிடும் அதுக்கு."

கரண்ட்டா? பாவம், வியாதிக்காரியா அவள்? வியாதிக்காரியைப் போய்... அருளப்பா, அருளப்பா. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது பாருங்கள், வண்டியே கூட்டு.

மூன்று ஐம்பத்து மூன்று. மதியழகன் ஓடி வருகிறான். தனியாக வருகிறான். பொம்பளையைக் காணோம். என்ன கத்துகிறான்?

"அண்ணே, தனக்கொடியக்காவுக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லையாம்! காலையிலேருந்து பெஞ்சுலயே உக்காந்திருக்கு. வெள்ளையம்மாக்கா வரலை. வீட்டாளு ஒருத்தர் கூட இருந்து கையெழுத்துப் போட்டாத்தான் முதுகுல ஊசி போடுவாங்களாம்."

தனக்கொடி என்கிற பெயர் எங்கள் பக்கம் நிறைய உண்டு சார். நாலு ஊருக்கு ஒன்று இருக்கும். வெள்ளையம்மாள் அதைவிட ஜாஸ்தி. ரெண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து... சேரலாம். சேரக் கூடாதா?

"நம்ம ஆளுக்குப் போன் போட்டுச் சொல்லிரலாமா?" அருளப்பன் கேட்கிறான்.

"யாருக்கு, டைம் கீப்பருக்கா? ஆஸ்பத்திரி எத்தனை மணிக்குத் தொறந்துச்சுன்னு கேப்பாரு அவரு!"

சிரிக்கிறார்கள். பூக்காரிகூட. நீங்களும் சிரிக்கிறீர்கள். பரவாயில்லை.

ரெண்டு புதன் சார். ரெண்டு புதன் சாயங்காலமும் என் கையால் தயிர்ச்சோறு பிசைந்து கொடுத்தேன். மாவு என்றாள். விளக்கு வைப்பதற்குள் ரெண்டு தடவையும் வீட்டில் இருந்தாள். எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. ஒரு குற்றம் சொல்லுங்கள் என்றால் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு ஆத்திரம். இந்த வண்டி பன்னிரண்டு நிமிஷம் நின்றிருக்கவில்லை என்றால் அடுத்த வண்டி திருச்சியில் ஐந்தரைக்குத்தான். அதில் வந்தால் எல்லையில் இருட்டியிருக்கும். எல்லாம் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவள்தான். மூன்று நாற்பது எங்கே எப்போது வரும் என்று சாதம் போட்டுக்கொண்டே கேட்பாள். பொம்பளைக்கு டைம் டேபிளில் இவ்வளவு ஆர்வமா என்று நானும் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தேன்.

துண்டு கிடக்கட்டும். இனிமேல் என்ன மறைவு.

"டேய் அருளப்பா!"

எப்படித் திரும்புகிறான் பாருங்கள். பேயைப் பார்த்தவன் மாதிரி. வருகிறான்.

"லேட்டு எழுதுங்கண்ணே. மூணாவது லேட்டு, ரூட்டை விட்டு எடுக்கச் சொல்லுங்க, வாங்கிக்கிறேன். ஆனா உள்ள போய் ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வந்து எழுதுங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

"கால்ல விழுந்தா அதுக்கு ரெண்டு நிமிஷம் ஆகும். என்ன சொன்னாங்க உள்ள, சரியாச் சொல்லு மதியழகா."

"நாலு மணிக்குள்ள ஆள் வந்தா இன்னைக்கே வெச்சிருவாங்களாம். விட்டா அடுத்த புதன்தானாம். நர்ஸம்மா கத்துதுண்ணே. எட்டு வாரத்துக்குள்ள மொத்தமும் முடிக்கணுமாம், அது இன்னையோட முடியுதாம். ஏற்கெனவே நாலு நாள் எங்கயோ விட்டுப்போச்சாம். தள்ளிப்போகப் போக வைச்சதுக்குப் பலன் குறையுமாம்."

எட்டு வாரமா? இருங்கள். ஆனி மூன்று வியாழக்கிழமை ஆரம்பித்தது. ஆனிக்கு முப்பத்திரண்டு. அதில் முப்பது நாள். இன்றைக்கு ஆடி இருபத்தாறு. முப்பதும் இருபத்தாறும் ஐம்பத்தாறு. ஏழெட்டு ஐம்பத்தாறு. சரியாக இருக்கிறது சார். அந்த நர்ஸ் சொல்வது நிமிஷ சுத்தமாகச் சரியாக இருக்கிறது. இன்றைக்குக் கடைசி நாள். இன்றைக்குக் கடைசி ட்ரிப்பு. ஷெட்டில் வண்டி தயாராக நிற்கிறது, ரோடு போட மட்டும் ஆள் இல்லை. இதைப் போய் ஒரு கையெழுத்துக்காக அடுத்த புதன் என்று தள்ளுகிறார்கள். எட்டு வாரமாக ஓடின சர்வீஸைக் கடைசி ஸ்டாப்பில் கேன்சல் பண்ணுகிறவனை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

நாலு நாள் விட்டுப்போனதாம். காதுகுத்தை அதில் சேர்க்கக் கூடாது, அது விசேஷம்.

மூன்று ஐம்பத்தைந்து. கேட்டிலிருந்து உள்ளே எவ்வளவு தூரம்? இருநூறு மீட்டரா? மூன்று நிமிஷம். நான் நடந்தால் ரெண்டு.

கயிற்றைப் பார்க்காதீர்கள். தெரியும். இப்போது ஊசி போட்டு, குழாய் வைத்து, எல்லாம் முடிந்து அவள் எழுந்து நடக்க ராத்திரி ஆகிவிடும். ஆறு நாற்பதுக்கு ஊரில் விளக்கு வைப்பார்கள். செயலாளரைக் காணோம் என்று மைக்கில் கூப்பிடுவார்கள். மூன்று தடவை கூப்பிடுவார்கள். அப்புறம் அக்கா வாயைத் திறக்கும். திறக்கட்டும். அதற்குத்தானே பதினோரு வருஷம் மூடி வைத்திருந்தது.

"அருளப்பா, வண்டிய எடு. எனக்காகவோ அவளுக்காகவோ ஒரு நிமிஷம் நிக்கக் கூடாது. அஞ்சு நிமிஷம் விட்டிருக்க, புலிவலம் தாண்டிப் பிடிச்சிரலாம்."

"நீங்க எப்படிண்ணே வருவீங்க?"

"அது உனக்கெதுக்கு? போய்ச் சீட்டுல உக்காரு."

சார், கொஞ்சம் காலை மடக்குங்கள், இறங்க வேண்டும். நான் பாசத்தில் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். என்னிடம் சொல்லாமல் செய்ததற்கு அவளிடம் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது, அது அவளுக்கு மரத்தது தெளிந்த பிறகு. முதலில் கையெழுத்து. அப்புறம் அந்த டாக்டர், நர்ஸ், மெஷின்காரர் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து ஒரே ஒரு கேள்வி. தை மாசத்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்து, இந்தக் கேஸைக் கடைசி நாள் கடைசி அஞ்சு நிமிஷத்தில் கொண்டுவந்து நிறுத்தின ஆள் யார்? பெயர் தெரியாமல் நான் அந்த இடத்தை விட்டு நகரப் போவதில்லை.